வெறும் நீராவி

அரிசி களைந்த தண்ணீரை ஊற்றத் தோட்டத்துக்கு வந்தவளுக்குத் தலையிடி நின்றது.

இன்றைக்கு இது மூன்றாவது தடவை.

உள்ளே போனால் நெற்றிப்பொட்டில் இடிக்கிறது. வெளியே வந்தால் விட்டுவிடுகிறது. வெளியே என்றால் இங்கிலாந்தின் மார்கழிக் குளிர். புல்லெல்லாம் உறைபனி. இதில் நின்றால் தலையிடி வரவேண்டும், இவளுக்குப் போகிறது.

வெறும் சட்டியோடு நின்று கொட்டிலைப் பார்த்தாள்.

வீட்டின் பின்சுவரோடு சேர்த்து அவள் புருஷன் குலேந்திரன் இறக்கிய கொட்டில். கறி மணம் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கோட்டில் ஏறக்கூடாது என்று பதினொரு வருடமாக அவள் அங்கேதான் சமைக்கிறாள். கூரை மட்டும்தான் ஒழுங்கு. இரண்டு பக்கமும் திறப்பு. விரல் விறைத்து, வெங்காயத்தோடு விரலையும் சேர்த்து அரிந்த நாட்கள் உண்டு.

ஐப்பசியில் வீட்டைச் சூடாக்கும் பழைய எண்ணெய் பொய்லரைக் கழற்றினார்கள். அலுமாரி அளவில் ஒரு சாமான். வீடு முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம், சூடு மட்டும் பாதி வீட்டுக்கு. புதியது சின்னது, சத்தமே இல்லை. அதன் புகைக்குழாய் பின்சுவரைத் துளைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் வந்து நின்றது.

பொருத்திய வெள்ளைக்காரர் இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் எப்போதும் திறந்தே இருக்கவேண்டும், குழாய் விடும் புகை வெளியே போகவேண்டும் என்றார். குலேந்திரன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை வெல்ல ஆள் இல்லை.

அடுத்த மாதமே இரண்டு பக்கத்தையும் தடித்த பொலித்தீனால் அடைத்து, இறுக்கமாக ஒரு கதவும் வைத்தான்.

"உது வெறும் நீராவியடி. வெளியாலை வீணாய்ப் போற சூடு. நீ இனி விறைச்சுக்கொண்டு நிண்டு சமைக்கத் தேவையில்லை."

இருபத்தாறு வருடத்தில் அவளுக்கென்று அவன் செய்த முதல் காரியம் அது. அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள்.

அதனால்தான் தலையிடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. தூளுக்கு மிளகாய் வறுத்த காரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போன கிழமை மச்சாள் வந்து, கொட்டிலில் இருந்து கதைத்துவிட்டுச் சத்தி எடுத்தாள். பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடித்துக் காய்ந்த வயிறு என்று இரண்டு பேருமாக முடிவு கட்டினார்கள்.

இன்றைக்கு அவள் மிளகாய் வறுக்கவில்லை.

விரதமும் இல்லை.

அடுப்பில் பருப்பு மட்டும். அதன் நெருப்புக்கூடக் காலையிலிருந்து நீலமாக எரியவில்லை. மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்தான். காஸ் முடியப்போகிறதாக்கும் என்று விட்டுவிட்டாள்.

காற்று முகத்தில் அடித்தது. தலை தெளிந்துகொண்டே வந்தது. தெளியத் தெளிய, அந்த வெள்ளைக்காரரின் விரித்த கைகள் கண்ணுக்குள் வந்தன.

பொலித்தீனின் உட்புறம் ஆவி படிந்து வெள்ளையாக மூடிக் கிடந்தது. அதற்குள் மங்கலாக ஒரு சாய்மனைக் கதிரை.

ஞாயிற்றுக்கிழமை என்று கடையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்தவன், புகைக்குழாய்க்குக் கீழே கதிரையைப் போட்டுப் படுத்திருந்தான். தான் பிடித்து வைத்த சூடு என்று அவனுக்குப் பெருமை.

அவளாவது மூன்று தரம் வெளியே வந்தாள்.

அவன் ஒரு மணித்தியாலமாக எழும்பவே இல்லை.

அவளுக்குப் பயம் பிடித்தது. ஓடிப்போய்க் கதவை இழுத்து அகலத் திறந்தாள். குளிர் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது.

"இஞ்சாருங்கோ. எழும்பி வெளியாலை வாங்கோ."

கன்னம் இரண்டும் சிவந்து, இளந்தாரி மாதிரி இருந்தான். அப்படி அவனை அவள் பார்த்து எத்தனையோ வருடம்.

திறந்த கதவு அவனுக்கு ஆகாது. மேல்மாடியில் நின்றாலும் காலில் குளிர் பட்டவுடன் கண்டுபிடித்துவிடுவான். சாத்தடி, சூடு போகுது என்று அங்கிருந்தே ஏச்சு இறங்கி வரும். அவள் காலால் தட்டிக் கதவைச் சுவரோடு சாய்த்தாள். பொலித்தீனைப் பிடித்துக் கிழித்தாள். அவனுடைய இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்து, கதிரையிலிருந்து வாசலுக்கு இழுத்தாள்.

தோட்டத்துக் குளிர் முழுக்க அவன் மேலே விழுந்தது.

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏசுங்கோவன்," என்றாள்.