ஒருத்தர் மட்டும் பாக்கி

தலைமையாசிரியைக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தன் அறைக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

உள்ளே கணக்கு டீச்சர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். எழுதினார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துத் தட்டுவதும், நிமிர்ந்து திரையைப் பார்த்து முழிப்பதுமாக இருந்தார்.

பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவரும் அரசாங்கக் கொள்கை அது. ஆசிரியர்கள் அத்தனை பேரும் தேறிவிட்டால் 'முழுக் கணினிப் பள்ளி' என்று வாசலில் பித்தளைப் பலகை மாட்டிக்கொள்ளலாம். பலகைக்கு ஆணிகூட அடித்தாயிற்று. பாக்கி கணக்கு டீச்சர் ஒருத்தர்தான்.

"இன்னிக்காவது தேறுவாங்களா?" என்று கேட்டார் தலைமையாசிரியை, ஜன்னலில் எட்டிப் பார்த்த விளையாட்டு மாஸ்டரிடம்.

"எங்க மேடம்? விசில் ஊதற நானே ஒரே தடவையில பாஸ் பண்ணிட்டேன். கணக்குல புலின்னு பேரு, இதுல பூனையா உக்காந்திருக்காங்க."

பலகை மட்டும் இல்லை. காலியாகக் கிடக்கும் உதவித் தலைமையாசிரியை பதவிக்கு முதல் பெயர் கணக்கு டீச்சருடையது. இதில் தேறினால்தான் அந்த நாற்காலி. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று.

கதவு திறந்தது. தேர்வு வைக்க வந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"மார்க் பட்டியல் போட்டாங்க. கூட்டல்கூட வந்துடுச்சு. கடைசியில சேவ் பண்ணாம மூடிட்டாங்க மேடம். எல்லாம் போச்சு."

பின்னாலேயே கணக்கு டீச்சர் அசட்டுச் சிரிப்போடு வந்தார். "'சேவ் பண்ணவா'ன்னு அதுவே கேட்டுச்சு மேடம். பதட்டத்துல வேண்டாம்னு அமுக்கிட்டேன்."

தலைமையாசிரியை தலையில் அடித்துக்கொண்டார்.

"உங்களால ஸ்கூல் மானமே கப்பலேறுது. மூணு தடவை ஃபெயில். கணக்கு டீச்சர்னு சொல்லிக்க வெக்கமா இல்ல?"

"மண்டையில ஏற மாட்டேங்குது மேடம்."

மணி அடித்தது. இதுதான் சாக்கென்று கணக்கு டீச்சர் வகுப்புக்கு நழுவிவிட்டார்.

அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "விடுங்க மேடம். லீவு முடிஞ்சதும் அடுத்த தேர்வு இருக்கு. உங்க சர்டிபிகேட்டும் அதுக்குள்ள காலாவதி ஆயிடும், நீங்களும் திரும்ப எழுதணும். உங்களுக்கென்ன, கண்ண மூடிட்டுப் பாஸ் பண்ணிடுவீங்க."

வழியனுப்ப வாசல்வரை போனார் தலைமையாசிரியை. அங்கே ஒரு காலி வேன் நின்றது.

"கிளம்பலாம்பா, இங்க இன்னிக்கும் லோடு இல்ல" என்றார் அதிகாரி டிரைவரிடம்.

"என்ன லோடு?"

"உங்க கம்ப்யூட்டர்தான் மேடம். கடைசி டீச்சர் பாஸ் ஆயிட்டா பயிற்சி முடிஞ்சதா அர்த்தம். அன்னிக்கே மெஷினை எல்லாம் ஏத்திட்டுப் போய் அடுத்த ஸ்கூல் வாத்தியாருங்களுக்குக் குடுக்கணும். சுற்றறிக்கையில இருக்கே."

சுற்றறிக்கையில் பலகை விஷயத்தோடு படிப்பதை நிறுத்திக்கொண்டதைத் தலைமையாசிரியை சொல்லவில்லை. "அப்போ எங்க பிள்ளைங்க?"

"பிள்ளைங்க ரெண்டாம் கட்டம் மேடம். கொள்கையில தெளிவா இருக்கு."

"எப்போ?"

"அது மட்டும் அதுல போடல மேடம்."

வேன் போய்விட்டது. தலைமையாசிரியை வேகமாகக் கம்ப்யூட்டர் அறைக்கு நடந்தார். யார்மேல் கோபம் என்றுதான் அவருக்கே பிடிபடவில்லை.

உள்ளே ஏழாம் வகுப்பு, ஒரு மெஷினுக்கு மூன்று பேராக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஒரு பெண் அழுதுவிடுவாள் போலிருந்தாள்.

"டீச்சர், நான் போட்டதெல்லாம் காணோம்."

கணக்கு டீச்சர் குனிந்தார். பத்து விரலும் விசைகளின்மேல் ஓடின. திரையில் ஏதேதோ திறந்து மூடி, காணாமல்போன கட்டங்கள் அத்தனையும் திரும்பி வந்து நின்றன.

"இதோ. இனிமே பாதியிலயே சேவ் பண்ணி வச்சுக்கணும், என்ன? மறந்தா உழைப்பெல்லாம் வீணாயிடும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவர் வாசலில் தலைமையாசிரியையைப் பார்த்தார். இந்தத் தடவை அந்த அசட்டுச் சிரிப்பு வரவில்லை.

"வேன் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தேர்வுக்கு முந்தியே தெரியும் மேடம்." குரல் தாழ்ந்தது. "இதுங்கள்ல ஒருத்தர் வீட்டுலகூட கம்ப்யூட்டர் கிடையாது. இங்க தொட்டுப் பாத்தாத்தான் உண்டு."

"அந்தப் பதவி?"

"ஆசை இல்லாம இருக்குமா மேடம்? வீட்டுல அவர் ஒவ்வொரு தடவையும் கேக்கறப்போ என்ன சொல்றதுன்னு தெரியாம சமையல்கட்டுக்குள்ள போயிடுவேன்."

கொஞ்ச நேரம் முன்பு எல்லார் எதிரிலும் கேட்ட கேள்வி தலைமையாசிரியையின் காதிலேயே திரும்ப ஒலித்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கணக்கு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடுத்த தேர்வுல நீங்க பாஸ் பண்ணியாகணும் டீச்சர். இது உத்தரவு."

"அப்போ மெஷின் போயிடுமே மேடம்."

"போகாது." தலைமையாசிரியை பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "சந்தேகம் வராம ஃபெயிலாகறது எப்படின்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."