கட்டைவிரல் மை

சிசேரியன் மயக்கம் தெளிந்ததும் வசுமதி முதலில் பார்த்தது குழந்தையை அல்ல, தன் இடது கட்டைவிரலை. அதில் ஊதா மை அப்பியிருந்தது. பதினோரு வருடமாகப் பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடும் ஆசிரியை அவள்.

"இது எதுக்கு சிஸ்டர்?"

"ஆபரேஷனோட சேத்துக் கருத்தடையும் பண்ணிடச் சொல்லி ஃபார்ம் குடுத்தீங்களேம்மா. இனிமே பிள்ளையே வேணாம்னு."

"நானா?"

"ரேகை இருக்கே" என்றபடி நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

வசுமதி விரலைப் போர்வையில் தேய்த்தாள். மை போகவில்லை. கணவன் சிவநேசன் தலைநிமிராமல் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான்.

"கத்தாத. தையல் பிரிஞ்சிடும்."

அவள் இன்னும் கத்தவே இல்லை.

ஒரு சுளையை அவள் உதட்டருகே நீட்டினான். சுளையின் வெள்ளைத் தோலில் அவன் விரல்ரேகை ஊதாவாகப் பதிந்திருந்தது.