முகத்துக்குப் போட்டோஷாப்

“எழுத்துன்னா கோரல், முகம்னா போட்டோஷாப். உங்களுக்கு என்ன வேணும்க்கா?” என்று கேட்டான், தாராவி பேனர் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த வேல்ராஜ்.

“முகந்தான்யா,” என்று மகளின் பள்ளிக்கூடப் படத்தை நீட்டினாள் முப்பிடாதியம்மாள். “எம்மவ கோகிலவாணி. யூனிபார்ம எடுத்துட்டுப் பட்டுச்சேல உடுத்திவிடு. இருவது வயசு தெரியணும். அவ சேக்காளிக எல்லாத்துக்கும் கல்யாணம் ஆயிட்டு.”

“எல்லாரும் வயசக் குறைக்கத்தான் வருவாவ! நேர்ல கூட்டிட்டு வாங்க, புதுசா எடுத்துருவோம்.”

“வரமாட்டா. பிடிவாதக்காரி.”

திரையில் மணப்பெண்ணாகிவிட்ட மகளின் கன்னத்தை அவள் விரலால் தடவினாள்.

“பேரு எழுதணுமாக்கா?”

“அதெல்லாம் அஞ்சு வருசம் முன்னயே இங்க எழுதியாச்சுய்யா.”

வேல்ராஜ் பழைய கோரல் ஃபைல்களில் அந்தப் பெயரைத் தேடினான். ஒன்றே ஒன்று இருந்தது. திறந்தான்.

அதே பள்ளிக்கூடப் படம். மேலே பெரிய எழுத்தில், ‘கண்ணீர் அஞ்சலி’.