வலது கையில் வாட்ச்

"ஏட்டி குளோரி, ஒனக்க மாப்பிளைக்கு கை அசையாதுன்னு எத்தன நாளு என்னைய ஏமாத்தலாம்னு இருக்க?"

அடுக்களைக்குள் நுழைந்ததுமே ஆபேல் பிடித்துக்கொண்டான். மீன் சட்டியை இறக்கிக்கொண்டிருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே சொல்லுத?"

ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள். பூசை முடிந்து தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்த இடத்தில்தான் ஆபேல் அதைப் பார்த்துத் தொலைத்தான்.

தங்கை புருஷன் சிலுவைதாசன் ஆபேலின் வள்ளத்தில் வேலை செய்தவன். ஏழு மாதத்துக்கு முன் வலைக்கயிறு தோளைச் சுற்றி இழுத்ததில் வலது கை உணர்ச்சியில்லாமல் தொங்கிப்போனது. வள்ளத்தில் அடிபட்டவனை வள்ளமே பார்க்க வேண்டும் என்று ஆபேல் மீனில் ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுத்து வந்தான். 'சும்மா நடிக்கான்' என்று மற்ற ஆட்கள் முணுமுணுத்தபோதெல்லாம் அவர்களோடு மல்லுக்கு நின்றவனும் அவன்தான்.

"பூன வந்து தட்டுல வாய வச்சுது. இடது கையால வெரட்டினான். அந்நேரம் வலது கையில கெடந்த ஸ்மார்ட் வாச்சுல வெளிச்சம் பளிச்சுன்னு எரிஞ்சுது. கைய அசைக்காம அது எப்படி எரியும்?"

குளோரியின் முகம் வெளுத்தது. மாட்டிக்கொண்டாள் என்று ஆபேல் நினைத்தான்.

"போன்ல மெசேஜ் ஏதாவது வந்திருக்கும்ணே."

"அவனுக்க போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சுல்லா கெடக்கு."

"பூன மேசையத் தட்டியிருக்கும்."

"அதையும் பாத்துருவோம். சும்மா பாக்கட்டுன்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

ஆபேல் சட்டைப்பையிலிருந்து வாட்சை எடுத்துத் தன் கையில் கட்டினான். கையை மேசைமேல் வைத்து மேசையைத் தட்டினான். எரியவில்லை. தொங்கப்போட்டு ஆட்டினான். எரியவில்லை. மணிக்கட்டைத் திருப்பித் தூக்கினான், உடனே எரிந்தது.

"இன்னொருக்க தூக்கு அண்ணே," என்றாள் குளோரி.

தூக்கினான். எரிந்தது.

"இன்னும் ஒருக்க."

பத்துத் தடவை தூக்க வைத்தாள். பத்துத் தடவையும் எரிந்தது. ஒரு தடவையாவது பொய்க்காதா என்று பார்க்கிறாள், கள்ளி. ஆபேலுக்குக் கோபம் தலைக்கேறியது.

"போதும். கையும் களவுமா பிடிச்சாச்சு. நாளைக்கே வள்ளத்துல சொல்லிருவேன், அவனுக்கு இனிமே பங்கு கெடையாது. அசையாத கைக்கு எதுக்கு வாச்சுன்னு நான் அண்ணைக்கே யோசிச்சிருக்கணும்."

குளோரி அப்படியே தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"இப்ப அழுது என்ன பிரயோசனம்?"

"டாக்டரு சொல்லித்தான் அந்தக் கையில கெட்டினேன் அண்ணே. உணர்ச்சியில்லாத கை, மணிக்கட்டு லேசா திரும்பித் தூக்கினாலும் அவருக்குத் தெரியாது, இதுதான் எரிஞ்சு காட்டும்னாரு. ஆச காட்டி மோசம் பண்ணிரக்கூடாதுன்னு அவருகிட்டகூட சொல்லாம அஞ்சு மாசமா ராவும் பகலும் இதையே பாத்துட்டு இருக்கேன், இண்ணைக்குத்தான் மொத தடவையா எரிஞ்சிருக்கு."