சும்மா அடித்த வரி

பிஷ்கெக் நகரத்தில் பனி பெய்துகொண்டே விடிந்திருக்கிறது. மூன்றாம் மாடி அலுவலகத்தில் ஜிபாரின் கிண்ணத்துத் தேநீர் ஆடை கட்டுகிறது. கைபேசியில் அண்ணன் சமத். வண்டி உறுமல், வைப்பர் அடித்துக்கொள்ளும் சத்தம், பின்னிருக்கையில் அம்மாவின் இருமல். "ரோடே தெரியலடி. ஆனா கோக்தாஷ் கணவாய் தெறந்துதான் இருக்காம். நெட்டுல ஏஐகிட்ட கேட்டேன், அதுவே தேடிப் பதில் சொல்லுச்சு." "என்ன சொல்லுச்சு? அப்படியே சொல்லுண்ணே." சமத் சிரிக்கிறான். "எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. 'கணவாய் திறந்திருக்கிறது. உச்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வாளி குதிரைப்பால் இலவசம்.' எந்த ஏமாளி குடுக்கிறானோ!" ஜிபார் தன் கணினித் திரையை நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் கட்டிக்கொண்டிருக்கும் சாலை நிலவர இணையப் பக்கம் இன்னும் முடியவில்லை; சோதனைக்காக மட்டும் நெட்டில் ஏற்றியிருக்கிறாள். எழுத்து எப்படி உட்காருகிறது என்று பார்க்க, போன வாரம் விளையாட்டாக அவள் அடித்துவைத்த வரி அது. "இத யாரு படிக்கப்போறா?" என்று எதிர்மேசைத் திலெக் அன்றைக்குச் சிரித்தான். மனுஷர் யாரும் படிக்கவில்லை, இயந்திரம் படித்திருக்கிறது. "அண்ணே... அந்த ஏமாளி நான்தாண்ணே. அது நான் சும்மா எழுதினது. கணவாய நேத்தே மூடிட்டாங்க." சிரிப்பு நின்றுபோகிறது. அப்புறம், கைப்பிரேக்கை இழுக்கும் கரகரப்பு.