கேட்டதற்கான மதிப்பெண்

கேட்கவில்லை.

அவள் ஸ்டெதஸ்கோப்பை இன்னும் சற்று இடப்பக்கம் நகர்த்தினாள். இதயம் துடித்தது. தேடிய சத்தம் மட்டும் இல்லை.

இறுதியாண்டுத் தேர்வு. ஒரு நோயாளி, ஒரு மாணவி, குறித்த நேரம். விசாரித்து, தொட்டு, தட்டி, கேட்டு, இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண்.

போன முறை இதில்தான் தோற்றாள். கூடப் படித்தவர்கள் இப்போது டாக்டர்கள். அவள் மட்டும் இன்னும் விடுதியில்.

கட்டிலில் முப்புடாதி படுத்திருந்தாள். பீடி சுற்றுகிறவள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருந்தாள். காலையிலிருந்து எத்தனையோ பேர் வந்து நெஞ்சில் கருவியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இடப்பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க."

முப்புடாதி நிறுத்தினாள்.

வார்டின் இரைச்சல் எங்கோ போயிற்று.

லப். டப்.

அதன் பின்னால், மிகத் தாழ்வாக, ஓர் உருட்டல். மலைக்கு அப்பால் இடி உருள்வதுபோல்.

புத்தகத்தில் படித்திருந்தாள். மற்றவர்கள் கேட்டேன் என்று சொன்னபோது தலையாட்டியிருந்தாள். கேட்டது இப்போதுதான்.

சுருங்கிப்போன ஒரு வாசல். அதற்குள் ரத்தம் முட்டி மோதி நுழைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும். விடாமல்.

கருவியை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தாள்.

முப்புடாதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, ரொம்ப மோசமா இருக்கோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அது பொய்யாகிவிடும். அடுத்து வயிற்றைப் பார்க்க வேண்டும். கல்லீரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நேரம் குறைவு.

ஸ்டெதஸ்கோப்பைத் தன் காதிலிருந்து கழற்றி முப்புடாதியின் காதில் மாட்டினாள்.

முப்புடாதி அசையவில்லை.

வெகுநேரம் அசையவில்லை.

"இது என்னுதா?"

"ஆமாக்கா. ஒங்களதுதான்."

"நான் ஒறங்கும்போதும் இப்படித்தான் ஓடுமா?"

"அப்பவும் ஓடும்க்கா."

முப்புடாதியின் வாய் லேசாகத் திறந்தே இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்து கருவியைப் பிடுங்க இவளுக்கு மனம் வரவில்லை.

மணி அடித்தது.

தேர்வாளர்கள் நான்கு பேர் கட்டிலருகே வந்தார்கள். ஒருவர் போடும் மதிப்பெண்ணை மற்றவர் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டவர் வெளிக் கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியை. நரைத்த தலை. சிரிக்காத முகம்.

அவள் சொன்னாள். இதய வால்வு சுருங்கியிருக்கிறது. எந்த வால்வு, எதனால், எங்கே என்ன கேட்டது. குரல் நடுங்கவில்லை.

"லிவர் பெருசா இருக்கா?"

"பார்க்கல மேடம்."

"ஏன்?"

"நேரம் போயிடுச்சு."

நேரம் எங்கே போயிற்று என்று அவள் சொல்லவில்லை. நால்வரில் ஒருவரான உள்ளூர்ப் பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார்.

முப்புடாதி எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ளைய வையாதிய. என் நெஞ்ச என்னையே கேக்க வச்சா. அதுலதான் நேரம் போச்சு."

"பரீட்சையில வெளையாட்டா?" என்றார் உள்ளூர்ப் பேராசிரியர்.

அவள் தரையைப் பார்த்தாள். முடிந்தது என்று நினைத்தாள். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

பேராசிரியை முப்புடாதியிடம் திரும்பினார்.

"என்ன கேட்டுச்சு?"

முப்புடாதி உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாவ. கெட்டுப்போனது எனக்காவ இம்புட்டுப் பாடுபடுதுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

பேராசிரியை மதிப்பெண் தாளைக் குனிந்து பார்த்தார். வயிற்றுப் பரிசோதனைக்கான கட்டத்தில் பூஜ்யம் போட்டார். அடித்துத் திருத்தவில்லை. இதயம் கேட்டதற்கான கட்டத்துக்கு வந்தார். அந்தக் கட்டத்தில் போடக்கூடிய அதிகபட்சத்தைப் போட்டார். அப்புறமும் பேனா அங்கேயே நின்றது. அதற்கு மேல் போட அந்தத் தாளில் வழியில்லை.

"நீ போகலாம்மா."

அவள் தேறிவிட்டாள் என்பது சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மயிரிழையில்.

அன்று அது தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நாலு எட்டு வைத்ததும் ஏனோ திரும்பிப் பார்த்தாள்.

மற்ற மூவரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள். பேராசிரியை மட்டும் முப்புடாதியின் பக்கத்தில் நின்றார். தன் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியிருந்தார். அதன் மறுமுனை கையிலேயே இருந்தது.

"நானும் கொஞ்சம் கேட்கலாமா?"

முப்புடாதி முந்தானையைச் சரிசெய்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேளுங்க" என்றாள்.