ஆமை, அணில், பனை

ஐந்து வயது முடிந்தும் மதுமதியின் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. படம் காட்டிப் பேசவையுங்கள் என்று டாக்டர் சொன்னதால், மயிலாப்பூர் பிளாட்பாரத்தில் நம் ஊர் விலங்குகளையும் மரங்களையும் வரைந்த போஸ்டரை வாங்கி, சாந்தோம் குப்பத்து வீட்டுச் சுவரில் ஒட்டினாள் பாஞ்சாலி. மீன் விற்றுவிட்டு வந்ததும் மகளின் விரலைப் பிடித்து ஒவ்வொரு படமாகத் தொடவைப்பாள்.

"ஒரே ஒரு தபா அம்மான்னு கூப்டு கண்ணு, போதும்" என்று கெஞ்சுவாள்.

ஒருநாள் மதுமதி "ஆமை" என்றாள். பாஞ்சாலி வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, போஸ்டரில் ஆமை இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

"உப்புக்காத்துல சாயம் போய்க்கீதுக்கா. பிளாட்பாரத்துல வாங்குனா இன்னா, கல்வெட்டா குடுப்பான்?" என்று சிரித்தான் பக்கத்து வீட்டுப் பிரபு.

மறுநாள் மதுமதி "அணில்" என்றாள். வாசல் வாதாமரத்தில் ஓயாமல் கத்தும் அணில்கள் அன்றோடு வரவில்லை. "பனை" என்ற அன்று, கரையோரம் நின்ற ஒற்றைப் பனை இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது.

"அந்தப் பனமரம் எங்கடா?" என்று பிரபுவிடம் கேட்டாள்.

"இன்னாக்கா, இங்க எப்பக்கா பனமரம் இருந்துச்சு?"

போஸ்டர் முழுக்க வெள்ளையான சாயங்காலம், மதுமதி திரும்பி அம்மாவின் கன்னத்தைத் தொட்டு வாயைத் திறந்தாள். பாஞ்சாலி சட்டென்று அந்த வாயைப் பொத்தினாள்.

பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். பிரபு வந்தால் தள்ளித் திறக்கிற மாதிரி கதவின் தாழ்ப்பாளை நீக்கிவைத்தாள். மகளின் முன்னால் வந்து உட்கார்ந்து, அவள் விரலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லு கண்ணு" என்றாள்.